காய்ச்சல் ரிப்போர்ட்: லேப் ஜன்னலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். ஊசி குத்துவது, குழாயில் பெயர் எழுதுவது, இயந்திரத்தில் ஏற்றுவது, தாளைக் கையில் கொடுப்பது என்று என் வேலை முடிந்துவிடும். ஆனால் தாளை வாங்கிய கையோடு ஜன்னலுக்கு வெளியே நிற்பவர், “ஆபத்தா?” என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் மருத்துவர். அந்த எண் எங்கிருந்து வருகிறது, எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை நான் சொல்லலாம். ஐப்பசி மழை பிடித்ததும் சளிக்காய்ச்சலோடு வருகிறவர்கள் என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

அப்பாவுக்கு நான்கு நாளாகக் காய்ச்சல், இருமல். சி.ஆர்.பி. 48 என்று வந்திருக்கிறது. பயப்பட வேண்டுமா?

சி.ஆர்.பி. என்பது கல்லீரல் செய்யும் ஒரு புரதம். உடம்பில் எங்கே அழற்சி ஏற்பட்டாலும் இன்டர்லூக்கின்-6 என்ற தூதுப்பொருள் ரத்தத்தில் கலந்து கல்லீரலைத் தட்டி எழுப்பும். ஆறேழு மணி நேரத்தில் இந்தப் புரதம் ஏறத் தொடங்கும். 1930இல் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில்தான் இதை முதன்முதலில் கண்டார்கள். அதனால் இது நுரையீரலுக்கு மட்டும் உரியது என்று எண்ணிவிடாதீர்கள். பல் வேர் சீழ்பிடித்தாலும் ஏறும், கால் புண் பழுத்தாலும் ஏறும், மூட்டுவாதத்திலும் ஏறும். உடல் பருமனும் புகைப்பழக்கமும் உள்ளவர்களுக்கு நல்ல நாளிலேயே சற்றுக் கூடுதலாக இருக்கும்.

ஆகவே 48 என்ற எண், வீட்டுக்குள் எங்கோ புகைகிறது என்று சொல்கிறது; எந்த அறை என்று சொல்லவில்லை. சாதாரண வைரஸ் காய்ச்சலிலேயே மூன்றாம் நாள் வாக்கில் இந்த அளவு வருவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு நாளில் அது இறங்கியதையும் பார்த்திருக்கிறேன். சி.ஆர்.பி.யின் அரை ஆயுள் சுமார் 19 மணி நேரம். தூண்டுதல் நின்றுவிட்டால் ஏறத்தாழ நாளுக்குப் பாதி என்ற கணக்கில் குறையும். எனவே 48 இரண்டு நாள் கழித்து 20 ஆனால் ஒரு கதை, 110 ஆனால் வேறு கதை. ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு இரவு முழுவதும் விழித்திருப்பதைவிட, அப்பா ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மூச்சு விடுகிறார் என்று எண்ணிப் பாருங்கள். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

நேற்று ஒரு லேபில் 5.2, இன்று இன்னொரு லேபில் 40. ஒரே நாளில் எட்டு மடங்கா?

இந்தக் கேள்விக்கு என் வீட்டிலேயே விலை கொடுத்திருக்கிறோம். 2021 மே மாதம். மஞ்சக்குப்பத்தில் இருந்த என் சித்தப்பாவுக்குக் கொரோனா. முதல் நாள் ஒரு லேபில் 5.2, மறுநாள் வேறொரு லேபில் 40. எட்டு மடங்கு ஏறிவிட்டது என்று வீடே கதறியது. தெரிந்தவர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, வீட்டிலேயே ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். அன்று இரவுதான் இரண்டு தாள்களையும் நான் பார்த்தேன். முதல் தாளில் அலகு ‘டெசிலிட்டருக்கு மில்லிகிராம்’. இரண்டாவதில் ‘லிட்டருக்கு மில்லிகிராம்’. ஒரு லிட்டர் என்பது பத்து டெசிலிட்டர். அதாவது நேற்றைய 5.2 உண்மையில் 52, இன்று 40. எண் இறங்கிக்கொண்டிருந்தது! நீரிழிவுக்காரரான சித்தப்பாவுக்கு அந்த ஸ்டீராய்டால் சர்க்கரை ஏறி, அதை அடக்கப் பத்து நாள் ஆனது.

எண்ணைப் படிப்பதற்கு முன் அதன் பக்கத்தில் உள்ள சிறிய எழுத்தைப் படியுங்கள். முடிந்தால் ஒரே லேபில் எடுங்கள். என் கடைக்கு ஆள் பிடிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. எந்த லேபாக இருந்தாலும் ஒன்றாக இருக்கட்டும்.

காய்ச்சல் வந்த அன்றே எல்லா டெஸ்ட்டும் எடுத்துவிட்டால் நிம்மதிதானே?

நிம்மதி கிடைக்கும், ஆனால் அது பொய்யான நிம்மதியாக இருக்கலாம். முதல் நாளில் இந்த எண்கள் பலவும் இன்னும் ஏறவே தொடங்கியிருக்காது. கொரோனாவின் முதல் இரண்டு அலைகளில், நோய் முற்றியவர்களுக்குப் பெரும்பாலும் ஏழாம் நாள் முதல் பத்தாம் நாள் வரைதான் மூச்சு திணறத் தொடங்கியது. இரண்டாம் நாள் “எல்லாம் நார்மல்” என்ற தாளை வாங்கிக்கொண்டு போனவர்கள் எட்டாம் நாள் ஆம்புலன்ஸில் போனதை இந்த ஊர் பார்த்திருக்கிறது. இன்ஃபுளூயன்சா அவ்வளவு நாள் காத்திருப்பதில்லை. முற்றுவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே முற்றிவிடும்.

2021 மே தொடக்கத்தில், அப்போது டெல்லி எய்ம்ஸ் இயக்குநராக இருந்த ரன்தீப் குலேரியா, லேசான நோய் உள்ளவர்கள் சி.டி. ஸ்கேனுக்கும் இந்த ரத்தப் பரிசோதனைகளுக்கும் ஓட வேண்டாம் என்று வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார். லேசான நோயில் இவை சற்று ஏறியே இருக்கும். அந்தப் பதற்றத்தில் தேவையில்லாத ஸ்டீராய்டு உள்ளே போகும் என்பது அவர் கவலை. அன்று எங்கள் லேப் வாசலில் வரிசை குறையவில்லை. ஆனால் அவர் சொன்னது சரி.

வெறும் வயிற்றில் வர வேண்டுமா?

இந்தப் பரிசோதனைகளுக்குத் தேவையில்லை. காய்ச்சல்காரரைப் பட்டினி போட்டு அழைத்து வராதீர்கள். கஞ்சி குடித்துவிட்டு வரட்டும்.

எது மலிவு, எது உருப்படியானது?

இரண்டுக்கும் ஒரே விடை: சி.பி.சி. எனப்படும் முழு ரத்த அணு எண்ணிக்கை. ஊதா மூடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம் போதும். கடுமையான வைரஸ் நிமோனியாவில் லிம்போசைட்டுகள் குறையும், நியூட்ரோபில்கள் கூடும். இரண்டும் வெள்ளணு வகைகள்; தாளில் இரண்டுக்கும் சதவீதம் இருக்கும். நியூட்ரோபிலை லிம்போசைட்டால் வகுத்தால் என்.எல்.ஆர். என்ற விகிதம் கிடைக்கும். நியூட்ரோபில் 72, லிம்போசைட் 24 என்றால் விகிதம் 3. நியூட்ரோபில் 88, லிம்போசைட் 8 என்றால் 11. இரண்டாவது தாள் என் கைக்கு வந்தால், நோயாளியோடு வந்தவரிடம் “இன்றே டாக்டரைப் பாருங்கள்” என்று சொல்லாமல் அனுப்பமாட்டேன்.

இதிலும் இரண்டு பொறிகள் உண்டு. ஸ்டீராய்டு மாத்திரை போட்டவருக்கு, நோய் ஏறாமலேயே இந்த விகிதம் ஏறும். மருந்து விழுங்கியதை மறைத்துவிட்டு ரத்தம் கொடுப்பவர்கள் நிறைய. அடுத்து, சிறு குழந்தைகளுக்கு இயல்பிலேயே லிம்போசைட் அதிகம். பெரியவர்களின் கணக்கைக் குழந்தையின் தாளில் போட்டுப் பார்க்காதீர்கள்.

டி-டைமர் 800. மாரடைப்பு வருமா?

ரத்தம் உறைந்து, அந்த உறைவை உடம்பே கரைக்கும்போது மிஞ்சும் துணுக்குதான் டி-டைமர். 2020 மார்ச்சில் வூஹான் நோயாளிகளைப் பற்றி வெளிவந்த ஆய்வில், மருத்துவமனையில் சேர்ந்தபோது இது மில்லிலிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தவர்களிடையே இறப்பு மிகுந்திருந்தது. அதிலிருந்து இந்தப் பெயர் பேருந்து நிறுத்தம் வரை பரவிவிட்டது. ஆனால் வயது ஏற ஏற இது தானாக ஏறும்; கருவுற்றவர்களுக்கு ஏறும்; அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்தவர்களுக்கு ஏறும். காலில் ரத்தக்கட்டி இருக்கிறதா என்று தேடும் மருத்துவர்களே ஐம்பது வயதுக்கு மேல், வயதைப் பத்தால் பெருக்கி வரும் எண்ணைத்தான் எல்லையாகக் கொள்கிறார்கள். எண்பது வயதுப் பாட்டிக்கு 800 (மில்லிலிட்டருக்கு நானோகிராம்) என்பது எல்லைக்கோடு. இருபத்தைந்து வயதுப் பையனுக்கு அப்படியில்லை.

அலகுத் தொல்லை இங்கேயும் உண்டு, இன்னும் மோசமாக. எஃப்.ஈ.யு., டி.டி.யு. என்று இரண்டு முறைகளில் அச்சிடுவார்கள். முதல் எண் இரண்டாவதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. வெளிர்நீல மூடிக் குழாயில் ரத்தம் குறியிட்ட கோடு வரை நிரம்பாவிட்டாலும் முடிவு கெடும். அதனால்தான் சில சமயம் இரண்டாவது முறை குத்துகிறோம்; திட்டாதீர்கள்.

ஃபெரிட்டின், எல்.டி.எச்., ஐ.எல்.-6 எல்லாம் சேர்த்து ஒரு ‘பேக்கேஜ்’ எடுக்கலாமா?

பேக்கேஜ் என்ற சொல்லே எனக்குப் பிடிக்காது. இது கல்யாண மண்டபம் பிடிக்கிற காரியமில்லை.

ஃபெரிட்டின் இரும்புச்சத்தைச் சேமிக்கும் புரதம், அழற்சியிலும் ஏறும். நம் ஊர்ப் பெண்கள் பலருக்கு இரும்புச்சத்துக் குறைவால் இது பத்து, பன்னிரண்டு என்ற அளவில்தான் கிடக்கும். அப்படிப்பட்டவருக்குக் காய்ச்சலில் 150 வந்தால் தாள் அதை ‘நார்மல்’ என்று அச்சிடும். அவர் உடம்புக்கு அது பெரிய தாவல். எல்.டி.எச். திசுக்கள் சிதையும்போது கசியும் நொதி; நுரையீரல் சேதத்தைக் காட்ட நல்ல அடையாளம்தான். ஆனால் ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்துவிட்டால் இந்த எண் பொய்யாக ஏறும். ஐ.எல்.-6 என்பது மேலே சொன்ன இன்டர்லூக்கின்-6தான்; அந்தப் பரிசோதனை விலை கூடியது. அது தூண்டிவிடும் சி.ஆர்.பி.யே பெரும்பாலும் போதும். ஐ.எல்.-6இன் வேலையைத் தடுக்கும் டோசிலிசுமாப் என்ற ஊசியை யாருக்குப் போடுவது என்று முடிவு செய்ய, கொரோனா மருந்துகளைச் சோதித்த பிரிட்டனின் ரெகவரி ஆய்வு வைத்த அளவுகோலே ஆக்சிஜன் குறைவும், சி.ஆர்.பி. லிட்டருக்கு 75 மில்லிகிராமும்தான். அந்த ஊசி போட்ட பிறகு சி.ஆர்.பி. விழுந்துவிடும், கிருமி வளர்ந்துகொண்டிருந்தாலும்! தூதுவனை வழியில் தடுத்துவிட்டால் கல்லீரலுக்குச் செய்தி போகாதல்லவா?

ஆன்டிபயாட்டிக் வேண்டுமா என்று ரத்தம் சொல்லுமா?

ஓரளவு. புரோகால்சிடோனின் என்ற அளவு பாக்டீரியா தொற்றில் ஏறும். வைரஸ் தொற்றில் பெரும்பாலும் தாழ்ந்தே இருக்கும். உறுதியான தீர்ப்பு இல்லை, மருத்துவருக்கு ஒரு சாய்வு. டி.ஆர்.ஏ.ஐ.எல்., ஐ.பி.-10, சி.ஆர்.பி. என்ற மூன்று புரதங்களைச் சேர்த்துப் பார்த்து வைரஸா பாக்டீரியாவா என்று சொல்லும் ஒரு பரிசோதனைக்கு 2021இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எங்கள் தெருவுக்கு அது இன்னும் வரவில்லை.

பிளேட்லெட்டும் குறைந்திருக்கிறது. நுரையீரல் வைரஸின் கடுமையா?

கடலூரிலும் புதுச்சேரியிலும் இருப்பவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். மேல்நாட்டு ஆய்வுகளில் “காய்ச்சல், உயர்ந்த சி.ஆர்.பி., குறைந்த பிளேட்லெட், மூச்சிரைப்பு” என்றால் கண் கொரோனாவுக்கோ இன்ஃபுளூயன்சாவுக்கோ போகும். இங்கே மழைக்காலத்தில் இதே நான்கும் டெங்குவாக இருக்கலாம். வெள்ளம் வடிந்த பிறகு எலிக்காய்ச்சலாக இருக்கலாம். புதரும் வயலும் ஒட்டிய ஊர்களில் ஸ்க்ரப் டைபஸ் என்ற உண்ணிக்காய்ச்சலாக இருக்கலாம். இது நுரையீரலையும் பிடிக்கும். ஸ்க்ரப் டைபஸுக்கு டாக்சிசைக்ளின் என்ற மலிவான மருந்து இருக்கிறது. நோயைக் கண்டுபிடித்தால்தான் அதைக் கொடுக்க முடியும். அக்குள், இடுப்பு மடிப்பு, மார்புக்குக் கீழே என்று மறைவான இடங்களில் சிகரெட்டால் சுட்டதுபோல வலியில்லாத கருந்தழும்பு இருக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். எந்த இயந்திரமும் இல்லாமல் கிடைக்கிற அடையாளம் அது. வெட்கப்பட்டு மருத்துவரிடம் காட்டாமல் விடுகிறவர்கள்தான் அதிகம்.

இவ்வளவும் வேண்டாம், எண்கள் உண்மையில் எவ்வளவு கணிக்கும் என்று ஒரே வரியில் சொல்ல முடியுமா?

ஒரு வரியில் முடியாது, ஒரு கணக்கு சொல்கிறேன். 2020இல் பிரிட்டனில் 35 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கொரோனா நோயாளிகளை வைத்து ‘4சி’ என்ற மதிப்பெண் முறையை உருவாக்கினார்கள். மொத்தம் 21 மதிப்பெண். எட்டு கேள்விகள்: வயது, ஆணா பெண்ணா, வேறு நோய்கள், மூச்சு வேகம், ஆக்சிஜன், நினைவுத் தெளிவு, யூரியா, சி.ஆர்.பி. இந்த எட்டில் ரத்தம் கேட்பவை கடைசி இரண்டு மட்டுமே. சி.ஆர்.பி. எவ்வளவு ஏறினாலும் அதற்கு அதிகபட்சம் 2. வயது எண்பதைத் தொட்டால் அதற்கு மட்டும் 7. ஊசியே குத்தாமல், ஆதார் அட்டையைப் பார்த்தாலே தெரிகிற ஒன்று எங்கள் இயந்திரத்தைவிட மூன்றரை மடங்கு பேசுகிறது!

லேப்காரன் இதைச் சொல்வது தொழிலுக்கு நல்லதில்லைதான்.

அப்படியானால் வீட்டில் எதைப் பார்ப்பது?

மூச்சையும், ஆக்சிஜன் சதவீதத்தைக் காட்டும் விரல் கருவியையும். பெரியவர் அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டாம். 24ஐத் தொட்டாலோ, ஆக்சிஜன் 93 அல்லது அதற்குக் கீழே போனாலோ மருத்துவமனை. மூச்சு 30ஐத் தாண்டினாலோ, ஆக்சிஜன் 90க்குக் கீழே போனாலோ 108ஐ அழையுங்கள். ஷேர் ஆட்டோ தேட வேண்டாம். இவை இந்திய அரசின் கொரோனா வழிகாட்டுதலில் மிதமான நோய்க்கும் கடுமையான நோய்க்கும் வைத்த எல்லைகள். உட்கார்ந்திருக்கையில் நன்றாக இருப்பவர், வீட்டுக்குள் ஆறு நிமிடம் நடந்ததும் மூன்று, நான்கு புள்ளி இறங்கினால் அதுவும் எச்சரிக்கை.

கருவி மாட்டும் விரலில் நகப்பூச்சு இருக்கக்கூடாது, விரல் சில்லென்று இருக்கக்கூடாது. இன்னொன்று: இந்தக் கருவி கருத்த தோலில் ஆக்சிஜனைக் கூட்டிக் காட்டக்கூடும். 2020 டிசம்பரில் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோதும் உண்மையில் ஆக்சிஜன் ஆபத்தான அளவில் குறைந்திருந்த நிலை, வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்தது. வெயிலில் உழைக்கும் நம்மவர் தோலையும் நினைத்துக்கொள்ளுங்கள். கருவி 95 காட்டுகிறது, மனிதர் வாக்கியத்தை முடிக்க முடியாமல் திணறுகிறார் என்றால் மனிதரை நம்புங்கள்.

குழந்தைக்கு?

விரல் கருவி சின்ன விரலில் சரியாக உட்காராது. மூச்சுதான் கணக்கு: இரண்டு மாதத்துக்குள் நிமிடத்துக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒரு வயது முதல் ஐந்து வயதுக்குள் 40. இவற்றைத் தொட்டால் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் அது வேக மூச்சு. விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க முடியாமல் போனாலோ எண்ணிக்கொண்டிருக்காதீர்கள், கிளம்புங்கள். 2023 மார்ச்சில் இன்ஃபுளூயன்சா பரவியதால் புதுச்சேரி அரசு எட்டாம் வகுப்பு வரை பத்து நாளுக்கும் மேல் பள்ளிகளை மூடியது நினைவிருக்கும். அந்த வாரங்களில் குழந்தைகளின் சி.ஆர்.பி. தாளைக் கேட்டு வந்தவர்களில் எத்தனை பேர் மூச்சை எண்ணியிருந்தார்கள் என்று கேட்டால், விரல் விட்டு எண்ணலாம்.

கொரோனாவில் அண்ணன் நாற்பது வயதில் போய்விட்டார். எங்கள் ரத்தத்திலேயே ஏதோ இருக்கிறதா? ஜீன் டெஸ்ட் எடுக்கலாமா?

பாகூரிலிருந்து வந்த ஒரு தங்கை கேட்டது. அவருக்கு நின்றபடி பதில் சொல்ல முடியவில்லை. உள்ளே உட்கார வைத்துப் பேசினேன்.

ஜீனில் ‘ஏதோ’ இருப்பது உண்மை. 2020இல் இத்தாலி, ஸ்பெயின் நோயாளிகளை ஆராய்ந்தவர்கள், மூன்றாம் குரோமோசோமில் ஒரு பகுதி மூச்சுச் செயலிழப்போடு ஒட்டியிருப்பதைக் கண்டார்கள். அந்தத் துண்டு நியாண்டர்தால் மனிதரிடமிருந்து, சுமார் 60 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு நமக்கு வந்த சொத்து என்று அதே ஆண்டு ஹ்யூகோ செபெர்கும் ஸ்வான்டே பேபோவும் காட்டினார்கள். பேபோவுக்கு 2022இல் நோபல் பரிசு கிடைத்தது. ஐரோப்பாவில் சுமார் 16 சதவீதம் பேரிடம் இருக்கும் அந்தத் துண்டு, தெற்காசியாவில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் இருக்கிறது. அதாவது இந்தத் தெருவில் எதிரெதிரே நிற்கும் இருவரில் ஒருவரிடம் இருக்கலாம். அந்தப் பாதிப் பேரும் வென்டிலேட்டருக்குப் போகவில்லையே! வாய்ப்பைச் சற்றுக் கூட்டுகிற துண்டு அது; தலையெழுத்து என்று சொல்ல முடியாது. இதில் ஒரு வேடிக்கை: பன்னிரண்டாம் குரோமோசோமில் அதே நியாண்டர்தால் முன்னோர் விட்டுச்சென்ற இன்னொரு துண்டு, கடுமையான நோயிலிருந்து ஓரளவு காக்கிறது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் ஈடுகட்டியிருக்கிறார்கள்.

இளம் வயதில் எதிர்பாராமல் நோய் முற்றியவர்களிடம் வேறு வகைக் காரணங்களும் உண்டு, அரிதாக. எக்ஸ் குரோமோசோமில் உள்ள டி.எல்.ஆர்.7 என்ற ஜீன் பழுதானதால் கடுமையாகப் பாதிக்கப்பட்ட இளம் சகோதரர்களை 2020இல் நெதர்லாந்தில் கண்டார்கள். ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதானே, மாற்று இல்லை. இன்ஃபுளூயன்சாவிலும் ஐ.ஆர்.எஃப்.7 என்ற ஜீனின் இரண்டு படிகளும் பழுதான ஒரு சிறுமியைப் பற்றி 2015இல் எழுதினார்கள். இந்தப் பழுதுகளின் அடியில் இருப்பது இன்டர்ஃபெரான், உடம்பின் முதல் எச்சரிக்கை மணி. அந்த மணியை அடிக்க விடாமல் சிலரது உடம்பே எதிர்ப்பொருள் தயாரித்து வைத்திருக்கிறது. உயிருக்கு ஆபத்தான கொரோனா வந்த 987 பேரில் 101 பேரிடம் அது இருந்தது, அவர்களில் 95 பேர் ஆண்கள். இது ஜீன் பரிசோதனையில் தெரியாது.

அந்தத் தங்கையிடம் நான் சொன்னது இது: காசு கொடுத்து இணையத்தில் வாங்கும் எச்சில் பரிசோதனை வேண்டாம். குடும்பத்தில் இளம் வயதில் இரண்டு பேருக்கு இப்படி ஆகியிருந்தால், அல்லது ஒருவருக்கே மீண்டும் மீண்டும் கடுமையான தொற்று வந்தால், கோரிமேட்டில் ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனையில் நோய் எதிர்ப்பாற்றல் குறைபாட்டைப் பற்றிக் கேளுங்கள். ஒருவர் மட்டும் என்றால் அவருக்குச் சர்க்கரை இருந்ததா, எந்த நாளில் மருத்துவமனைக்குப் போனார் என்பவைதான் முதலில் பார்க்க வேண்டியவை. அண்ணன் ஒன்பதாம் நாள்தான் போனாராம். அதைச் சொல்லிவிட்டு அவர் நெடுநேரம் எதுவும் பேசவில்லை.

அப்படியானால் இந்த ஜீன் ஆராய்ச்சியால் யாருக்கு லாபம்?

மருந்து தேடுபவர்களுக்கு. எடின்பரோவில் நடத்திய ஜெனோமிக் என்ற ஆய்வு, தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்களிடம் டி.ஒய்.கே.2 என்ற ஜீனின் தொடர்பைக் கண்டது. அந்த ஜீன் வேலை செய்யும் பாதையை அடக்கும் பாரிசிட்டினிப் என்ற மூட்டுவாத மாத்திரை, 2022இல் ரெகவரி ஆய்வில் மருத்துவமனை இறப்பைக் குறைத்தது. அந்த மாத்திரை பயன்பட நோயாளியின் ஜீனைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஆர்.என்.ஏ. பரிசோதனை என்கிறார்களே, அதுவும் ஜீன்தானா?

பரணில் என்னென்ன பாத்திரம் இருக்கிறது என்பது டி.என்.ஏ. இன்று எந்தப் பாத்திரம் அடுப்பில் ஏறியிருக்கிறது என்பது ஆர்.என்.ஏ. முதலாவது பிறப்பிலிருந்து மாறாது. இரண்டாவது நாளுக்கு நாள் மாறும். வைரஸ் வந்தால் ஐ.எஃப்.ஐ.27 போன்ற ஜீன்கள் வெள்ளணுக்களில் சூடேறும். நோயின் போக்கைச் சொல்ல இதுதான் பொருத்தமான வழி என்பது என் எண்ணம்.

ஓ ரத்த வகைக்காரர்களுக்கு வராதாமே?

வரும். ஆய்வுகளில் சிறு வித்தியாசம் தெரிந்தது, அவ்வளவுதான்.

சி.ஆர்.பி. ஏறியிருக்கிறது. ஸ்டீராய்டு மாத்திரை வீட்டில் இருக்கிறது. போடலாமா?

போடாதீர்கள். டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, 2020ஆம் ஆண்டு ரெகவரி ஆய்வில், ஆக்சிஜன் தேவைப்பட்ட கொரோனா நோயாளிகளைக் காப்பாற்றியது. வென்டிலேட்டரில் இருந்தவர்களிடையே இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. அதே ஆய்வில், ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு எந்தப் பயனும் தெரியவில்லை. இன்ஃபுளூயன்சா என்ற சந்தேகம் இருந்தால் முக்கியமானது வேறு: ஒசெல்டாமிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து, முடிந்தால் முதல் 48 மணி நேரத்துக்குள். சர்க்கரை நோயாளி, கர்ப்பிணி, முதியவர் என்றால் ரத்த எண் ஏறட்டும் என்று காத்திருந்து அந்த இரண்டு நாளைத் தொலைக்காதீர்கள்.

டாக்டரிடம் போகும்போது எதையெல்லாம் எடுத்துப் போக வேண்டும்?

எல்லாத் தாள்களும், தேதி வாரியாக. கைப்பேசியில் படம் எடுத்து வைத்தால் அலகு தெரியும்படி எடுங்கள். பலர் எண்ணை மட்டும் வெட்டி எடுத்து வருகிறார்கள். விழுங்கிய மாத்திரை அட்டைகள், காலி அட்டைகளும்கூட. கடைசியாக, முதல் தாளின் ஓரத்தில் காய்ச்சல் தொடங்கிய தேதியைப் பேனாவால் எழுதிவிடுங்கள். அச்சிட்ட தாளில் ரத்தம் எடுத்த தேதி இருக்கும். காய்ச்சல் தொடங்கிய தேதி இருக்காது.